வேலாயுதம் குடிக்காத குடி

எங்க கம்பெனி பஸ் டிரைவர் வேலாயுதத்தப் பத்தி யாராவது உங்ககிட்ட வந்து, "அந்தாளு குடிகாரன், கயிறு கட்டியும் திருந்தல"ன்னு சொன்னா, சொன்ன வாய்லயே ஒண்ணு போடுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க. "ஐயோ பாவம், நல்ல மனுஷன் மேல வீணா பழி போட்டுட்டாளுங்க"ன்னு யாராவது உருகினா அதையும் நம்பாதீங்க. ரெண்டுமே முழுசா சரியில்ல. அந்த பஸ்ல கடைசி சீட்ல உக்காந்து தினமும் போய்ட்டு வர்றவ நான். நடந்தத நான் சொல்றேன்.

மாதனூர்ல ஹைவேய விட்டு உள்ள போனா வரிசையா வர்ற ஊருங்கள்ல இருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு எங்கள ஏத்திக்கிட்டுப் போற பஸ் அது. காலைல வெளிச்சம் வர்றப்போ கிளம்பும். சாயங்காலம் இருட்டு கட்டுறப்போ திரும்பும். ஏறுனதும் எல்லாரும் டிபன் பைய டிரைவர் பக்கத்துல இருக்கிற இஞ்சின் மூடி மேல வச்சுடுவோம். பானட்டுன்னு சொல்றது. யார் பையில ரசம், யார் பையில மீன் கொழம்புன்னு வேலாயுதத்துக்குத் தெரியும். ஸ்பீடு பிரேக்கர் வந்தா ஸ்டியரிங்க ஒரு கையில பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பையெல்லாத்தையும் அணைச்சுக்குவாரு. ஒரு சொட்டு கொட்டினதில்ல. அந்த அளவுக்கு நம்பிக்கையான ஆளு.

அவரு பொண்டாட்டி தேவகியும் அதே பஸ்ல தான் வருவா. பேஸ்டிங் செக்‌ஷன். மேல் தோலையும் உள் துணியையும் சொல்யூஷன் தடவி ஒட்டுற வேலை. அந்த சொல்யூஷன் நாத்தம் இருக்கே, புதுசா சேந்தவளுக்கு தலைய சுத்தும். அப்புறம் மூக்கு செத்துப் போய்டும், ஒண்ணும் தெரியாது. அவ தோஸ்து மேகலாவும் அதே செக்‌ஷன். ரெண்டு பேரும் முன்னால ரெண்டாவது சீட்டு. டிரைவருக்கு நேர் பின்னால ஜஹீருன்னிசா. அவங்க தையல் மிஷின், எங்க எல்லாரையும் விட மூத்தவங்க. வேலாயுதத்த கூடப் பொறந்தவன் மாதிரி "ண்ணா"ன்னு தான் கூப்பிடுவாங்க.

போன வருஷம் மழைக்காலத்துல தான் ஆரம்பிச்சது. சாயங்காலம் பஸ் எடுக்க வர்றப்போ வேலாயுதத்துக்கு கண்ணு செவந்திருக்கும். நெத்திய அமுக்கிக்கிட்டே உக்காந்திருப்பாரு. ஒரு நாள் மாதனூர் கிட்ட பஸ்ஸ ஓரங்கட்டிட்டு இறங்கினாரு. புளியமரத்துக்குப் பின்னால போய் வாந்தி எடுத்தாரு. திரும்பி வந்து படில கால் வைக்கிறப்போ தடுமாறிச்சு. மேகலா மூக்க சுருக்கினா. "நாத்தம் கொடலப் புடுங்குது, இன்னா குடி குடிச்சிருக்காரோ!"ன்னா. காது கேக்கிற மாதிரியே சொன்னா. முன் சீட்டுல இருந்த பேஸ்டிங் பொண்ணுங்க எல்லாம் "ஆமாக்கா, ஆமாக்கா"ன்னாங்க.

ஜஹீருன்னிசா மட்டும் திரும்பிப் பாத்து, "எனக்கு ஒண்ணும் வரலியே. அவரு அந்த மாதிரி ஆளு இல்லடி, சும்மா இரு"ன்னாங்க.

"உனக்கு அவரு மேல பாசம் ஜாஸ்தி"ன்னு மேகலா அடக்கிட்டா.

தேவகி ஜன்னல் பக்கம் மூஞ்சிய திருப்பிக்கிட்டா. முந்தானைய இழுத்து வாயப் பொத்திக்கிட்டா. கட்டுன புருஷன் குடிச்சிட்டு பஸ் ஓட்டுறான், கூட வேலை பாக்குற அத்தன பேரும் பாக்குறாங்க, அவ அதே பஸ்ல உக்காந்துட்டு வரணும். மண்ணு பொளந்தா உள்ள போய்டலாம்னு இருந்துச்சுடின்னு பின்னால என்கிட்ட சொன்னா.

இது அடிக்கடி நடந்துச்சு. யாரோ கம்பெனி டிரான்ஸ்போர்ட் ஆபிசர்கிட்ட போட்டுக் குடுத்துட்டாங்க. ஆபிசர் கூப்பிட்டு விசாரிச்சாரு. வேலாயுதம் இல்லன்னும் சொல்லல, ஆமான்னும் சொல்லல. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னாரு. ரொம்ப வருஷ சர்வீஸ், ஒரு ஆக்சிடெண்ட் கெடையாது. ஆபிசரும் இளகிட்டாரு. "அம்மன் கோயில்ல கயிறு கட்டிட்டு வா, இந்த ஒரு தடவ விட்டுடறேன்"னாரு.

எங்க பக்கம் அது வழக்கம். குடிய விடணும்னா கோயிலுக்குப் போய், இனிமே தொடமாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணி, பூசாரி கையால மணிக்கட்டுல கயிறு கட்டிக்கணும். கட்டிக்கிட்டு தொட்டா சாமி குத்தம். தேவகி ஒரு வெள்ளிக்கிழம அவர இழுத்துக்கிட்டுப் போய் கட்டிட்டு வந்துட்டா. மறுநாள் பஸ்ஸுல ஸ்டியரிங் மேல அந்த மஞ்சள் கயிறு எல்லாருக்கும் தெரிஞ்சுது. பொண்ணுங்களுக்கு சிரிப்பு.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். அந்த மனுஷன் வாழ்நாள்ல ஒரு சொட்டு குடிச்சதில்ல.

அவருக்கு இருந்தது கண்ணு வியாதி. சாயங்காலம் மங்கலாச்சுன்னா கண்ணுக்குள்ள கல்லு வச்ச மாதிரி கனக்கும். லைட்ட பாத்தா அத சுத்தி கலர் கலரா வளையம் தெரியும். தல தெறிக்கும், கொமட்டும். வீட்டுக்குப் போய் படுத்து எழுந்தா காலைல ஒண்ணும் இருக்காது. அதனால போய்டும், போய்டும்னு நாள ஓட்டினாரு.

ஏன் வாயத் தொறக்கலன்னு கேக்குறீங்களா? கேட்ல ஷபீ அஹமது பாய் வாட்ச்மேனா உக்காந்திருக்காரே, அவரும் முன்னால டிரைவர் தான். அவருக்கும் இதே கண்ணு வியாதி. லேட்டா கவனிச்சதுல ஒரு கண்ணு போயே போச்சு. இன்னொரு கண்ண லேசர் வச்சு காப்பாத்தினாங்க. கம்பெனி அவர ஸ்டியரிங்ல இருந்து எறக்கி கேட்ல ஸ்டூல் போட்டு உக்கார வச்சிடுச்சு. தெனமும் பஸ்ஸ உள்ள விட கேட்டத் தொறக்கிறவரு அவரு தான். வேலாயுதம் தெனமும் அந்த ஸ்டூல பாத்துக்கிட்டே தான் உள்ள வருவாரு.

அதனால, கயிறு கட்டின கொஞ்ச நாள்லயே, அரக்கோணத்துல சொந்தக்காரங்க கல்யாணம்னு பொய் சொல்லிட்டு, லீவு போட்டு, ஒண்டியா வேலூருக்கு கண்ணாஸ்பத்திரிக்குப் போனாரு. டாக்டரம்மா இருட்டு ரூம்ல உக்கார வச்சு, கண்ணுல ஏதோ கண்ணாடிய வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணுக்குள்ள தண்ணி ஊறிக்கிட்டே இருக்குமாம். அது ஓரமா ஒரு மூலையில இருக்கிற சல்லட வழியா வெளிய வடியணுமாம். இவருக்கு அந்த மூல ரொம்ப குறுகலு. கண்ணுக்கு நடுவுல இருக்கிற கறுப்பு பாப்பாவ சுத்தி கலரா ஒரு திர இருக்கே, அது போய் அந்த வழிய அடைக்குது. அடைச்சா தண்ணி தேங்கி அழுத்தம் ஏறுது. வலி, வளையம், வாந்தி எல்லாம் அதனால தான்.

அன்னிக்கே லேசர் வச்சுட்டாங்க. பாப்பா சுருங்க சொட்டு மருந்து ஊத்தி, மிஷின் முன்னால தாடைய வைக்கச் சொல்லி, டப் டப்னு சத்தம். திரையில ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்ட. பின்னால தேங்குற தண்ணி அந்த ஓட்ட வழியா முன்னால வந்துடும், திர பின்னால தளர்ந்துக்கும். ரெண்டு கண்ணுக்கும் அதே. டீ குடிக்கிற நேரம் தான். அப்புறம் டாக்டரம்மா, "இதோட முடிஞ்சதுன்னு நெனைக்காதீங்க. நெறைய பேருக்கு இந்த ஓட்டயே போதும். ஆனா உங்க திர ஓரத்துலயே மடிஞ்சு குவிஞ்சிருக்கு. இருட்டுல பாப்பா விரியறப்போ மறுபடி போய் அடைக்கலாம். அப்படின்னா வேற மாதிரி லேசர் இருக்கு, வைக்கணும். அடுத்த வாரம் கண்டிப்பா வாங்க. நான் பாக்குற வரைக்கும் இருட்டுல வண்டி ஓட்டாதீங்க"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

இவரு போகல. போனாதானே! மறுநாள் சாயங்காலமே கேட்ல ஷபீ பாய்கிட்ட ரகசியமா சொல்லியிருக்காரு. ரெண்டு பேரும் ஒக்காந்து லேசர லேசரோட ஒத்துப் பாத்திருக்காங்க, மாட்டுப் பல்ல பிடிச்சுப் பாக்குற மாதிரி. பாய் சொன்னாராம், "எனக்கு ஒரே ஓட்ட தான். அதோட சரி, இப்போ ஜம்முன்னு இருக்கேன். உனக்கு எதுக்கு ரெண்டாவது? பேஜாரு புடிச்ச கேஸுன்னு எழுதி வச்சிடுவாங்க, லைசென்ஸ் போய்டும்." அவ்ளோதான். ஒரே வியாதி, பாய்க்கு ஒண்ணு போதும், தனக்கு ரெண்டுன்னா தன் கண்ணு அவ்ளோ கேவலமாப் போச்சான்னு இவருக்கு வெக்கம். பாய் கண்ணு வேற, தன் கண்ணு வேறன்னு தோணவே இல்ல. ஒரே சைஸ் ஷூ எல்லாருக்கும் சேருமா? ஷூ கம்பெனி பஸ் ஓட்டுறவருக்கு அது தோண வேணாமா?

கொஞ்ச நாள் நல்லா தான் இருந்துச்சு. மார்கழி வந்துச்சு. சீக்கிரமே இருட்டுது, பனி வேற. மறுபடி கண்ணு செவந்துச்சு, வாந்தி. இப்போ கையில கயிறு வேற இருக்கு. சாமி முன்னால சத்தியம் பண்ணிட்டு மறுபடி குடிக்கிறான்னு ஆகிப் போச்சு.

ஒரு நாள் கம்பெனி கேட்லயே அது வெடிச்சுது. மேகலா, "கயிறு கட்டியும் இந்த லட்சணம். வீட்ல பொம்பள சரியா இருந்தா ஆம்பள ஏன் இப்படி அலையறான்?"ன்னுட்டா. கூட உக்கார்ற தோஸ்தே அப்படி சொன்னதும் தேவகிக்கு எங்க இருந்து ஆத்திரம் வந்துச்சோ, விடுவிடுன்னு முன்னால போய் புருஷன் சட்டையப் பிடிச்சு இழுத்தா.

"ஊதுய்யா"ன்னா.

பஸ் வாசப்படில நின்னவங்க அப்படியே நின்னுட்டாங்க. ஷபீ பாய் ஸ்டூல விட்டு எழுந்துட்டாரு.

"போலீஸ்காரன்கிட்ட ஊதற மாதிரி என் மூஞ்சில ஊது. அத்தன பேரும் பாக்கட்டும். ஊது!"

வேலாயுதம் அவள பாத்தாரு. அப்புறம் வாயத் தொறந்து, சின்னப் புள்ள மாதிரி, அவ மூஞ்சில ஊதினாரு. அவ மோந்து பாத்தா. மூஞ்சி கோணிப் போச்சு. "வருது. நாத்தம் வருது"ன்னு சொல்லி, அவரு மார்லயே ரெண்டு குத்து குத்திட்டு, பின்னால என்கிட்ட வந்து உக்காந்து அழுதா. எனக்கும் சே, என்ன மனுஷன்னு ஆய்டுச்சு. அந்த ஆளு சட்டைய இழுத்து விட்டுக்கிட்டு பஸ்ஸ எடுத்தாரு. இறங்குறப்போ ஜஹீருன்னிசா மட்டும் டிபன் பைய எடுத்துக்கிட்டே, "நான் நம்பல ண்ணா"ன்னாங்க. அவரு அவங்க மூஞ்சியப் பாக்கவே இல்ல.

அதே வாரம் தான் அந்த சாயங்காலம். ஓவர்டைம் முடிஞ்சு கிளம்பினோம். ஹைவேல வர்றப்போவே பஸ்ஸு ஒரு மாதிரி தயங்கித் தயங்கிப் போச்சு. எதிர்ல வர்ற லாரிக்கெல்லாம் தேவையில்லாம ஒதுங்கினாரு. மாதனூர்ல திரும்பி ஒடுகத்தூர் ரோட்டுல போனோம். அங்க தெரு லைட்டு கம்மி. திடீர்னு பிரேக்கு. எல்லாரும் முன் சீட்டுல போய் மோதினோம். பானட்டு மேல இருந்த பையெல்லாம் கீழ உருண்டுச்சு. அந்த பஸ்ல மொத மொறையா கொழம்பு கொட்டுச்சு.

முன்னால டிவிஎஸ் வண்டில புல்லுக்கட்டு வச்சுட்டுப் போன ஒரு பெரியவரு. பம்பருக்கும் புல்லுக்கட்டுக்கும் நடுவுல ஒரு கை நொழையாது. அந்தாளு திட்டிட்டுப் போய்ட்டாரு. வேலாயுதம் இஞ்சின அமத்தினாரு. கீழ இறங்கி, ரோட்டோரமா மண்ணுலயே உக்காந்துட்டாரு. நாங்களும் தபதபன்னு இறங்கினோம்.

மேகலா, "குடிகாரா, எங்கள சாவடிக்கவா பாக்குற?"ன்னு கத்தினா.

"நான் குடிக்கல"ன்னாரு. முதல் தடவையா சொன்னாரு. "எனக்கு அந்த வண்டியே தெரியல. லைட்டு லைட்டா வளையம் தான் தெரிஞ்சுது. ரொம்ப நாளா இப்படித்தான்." அப்புறம் எல்லாத்தையும் கொட்டிட்டாரு. வேலூர் ஆஸ்பத்திரி, ஓட்ட போட்டது, இருட்டுல ஓட்டாதேன்னு டாக்டரம்மா சொன்னது, திரும்பப் போகாதது, எல்லாம்.

தேவகிக்கு நம்பிக்கையே வரல. "நாத்தம் வந்துச்சேய்யா! நான் மோந்து பாத்தேனே!"ன்னா.

"உன் முந்தானைய மோந்து பாரு"ன்னாங்க ஜஹீருன்னிசா. "முன்னால உக்கார்ற அத்தன பேரும் மோந்து பாருங்கடி. அந்த சொல்யூஷன் நாத்தத்த தெனமும் நீங்க தானே சுமந்துக்கிட்டு வர்றீங்க. உங்க மூக்குக்கு எது எந்த நாத்தம்னு தெரியுமா?"

தேவகி முந்தானைய மூக்குகிட்ட கொண்டு போனா. அப்படியே நின்னா. மேகலா குனிஞ்சு ரோட்டுல சிதறின பைய பொறுக்க ஆரம்பிச்சுட்டா. அத்தன பேரு முன்னால ஊத வச்சு, அத்தன பேரு முன்னால அடிச்ச பொண்டாட்டி, அந்த இருட்டுல அவரு முன்னால குந்திக்கிட்டு, "ஏன்யா சொல்லல? ஏன்யா ஊதின?"ன்னு அதையே கேட்டா.

"குடிகாரன்னா திட்டுவீங்க. திட்டிட்டு ஏறிக்குவீங்க"ன்னாரு வேலாயுதம். "கண்ணு தெரியலன்னா என்ன எறக்கி விட்டுடுவீங்க."

இவரு மேல போய் பழி போட்டோமேன்னு எங்க எல்லாருக்கும் வெக்கம். கிட்ட போய் ஏதாவது ஆறுதலா சொல்லணும்னு ரெண்டு பேரு அடி எடுத்து வச்சாளுங்க. அப்போ தான் ஜஹீருன்னிசா பேசினாங்க. எல்லாரையும் விட அவங்க தான் அவருக்கு சப்போர்ட்டா இருந்தவங்க, இல்லையா? அவங்க குரலு அப்படி நடுங்கி நான் கேட்டதில்ல.

"நீ குடிச்சிருந்தா கூட மன்னிச்சிருப்பேன் ண்ணா. குடிச்சவனுக்கு புத்தி இருக்காது. நீ தெளிவா, புத்தியோட, தெரிஞ்சே எங்கள ஓட்டிக்கிட்டு வந்தியே. நான் உன் முதுகுக்குப் பின்னால கண்ண மூடித் தூங்கிட்டு வந்தேனே."

வேலாயுதம் மூஞ்சிய ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டாரு. மேகலா கத்தினப்போ, பொண்டாட்டி குத்தினப்போ எல்லாம் கல்லு மாதிரி நின்ன ஆளு, அதுக்கு தான் அழுதாரு. ஆறுதல் சொல்லப் போனவளுங்க அங்கயே நின்னுட்டாளுங்க. கம்பெனிக்கு போன் போட்டோம். தன்சீல்னு ஒரு ஸ்பேர் டிரைவர் ஆம்பூர்ல இருந்து வந்து பஸ்ஸ எடுத்தாரு.

மறுநாளே தேவகி அவர வேலூருக்கு இழுத்துக்கிட்டுப் போனா. இந்த தடவ என்னையும் துணைக்கு வரச் சொன்னா. டாக்டரம்மா விட்டு வாங்கிட்டாங்க. ரெண்டாவது லேசர் எப்படின்னு கேட்டோம். அது ஓட்ட போடறதில்ல, திர ஓரத்த சுத்தி வரிசையா லேசா சூடு வைக்கிறதாம். சூடு பட்ட எடம் சுருங்கி இழுத்துக்கும், மூல தொறந்துக்கும். தேவகி உடனே, "தோல் சுருக்கம் எடுக்க நாங்க ஹாட் ஏர் காட்டுவோமே, அந்த மாதிரியா?"ன்னா. டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க, கிட்டத்தட்ட அப்படித்தான்னாங்க. "ஓட்ட லேசர் ஒசத்தி, இது மட்டம்னு ஒண்ணும் கெடையாது. அடைப்பு எதனாலங்கிறத பொறுத்து தான். ரெண்டுக்கும் அடங்கலன்னா உள்ள இருக்கிற லென்ஸ எடுத்துட்டு புது லென்ஸ் வைக்கணும். மறுபடி வளையம் தெரிஞ்சா அன்னிக்கே வரணும், மறைக்கக் கூடாது"ன்னு சொன்னாங்க. வேலாயுதம் டாக்டரம்மா காலடிய பாத்துக்கிட்டே தலையாட்டினாரு. அன்னிக்கே ரெண்டு கண்ணுக்கும் அந்த லேசரையும் வச்சு அனுப்பினாங்க.

கொஞ்ச நாள் ஷெட்ல வண்டி கழுவிக்கிட்டு இருந்தாரு. டாக்டரம்மா செக் பண்ணி, ஓட்டலாம்னு சர்டிபிகேட் குடுத்தாங்க. ஆபிசர் திட்டித் தீர்த்துட்டு பஸ்ஸ குடுத்தாரு. கையில இருந்த கயிற அவரு கழட்டல. தேவகி கழட்டிடுய்யான்னு கெஞ்சினா. "இருக்கட்டும்"னு சொல்லிட்டாரு. நாங்களும் பழையபடி ஏறினோம், பானட்டு மேல பைய வச்சோம். மேகலா மூணாவது சீட்டுக்குப் போய்ட்டா. தேவகி பக்கத்துல உக்கார அவளுக்கு மூஞ்சி இல்ல.

ஜஹீருன்னிசா ஏறல. ஷேர் ஆட்டோல தான் போவாங்க, காசு போனாலும் பரவால்லன்னு. தெனமும் அவங்க ஸ்டாப்புல வேலாயுதம் பஸ்ஸ நிறுத்துவாரு, கதவத் தொறப்பாரு. அவங்க ரோட்ட பாத்துக்கிட்டு நிப்பாங்க. ஒரு மூச்சு இழுத்து விடுற நேரம் பாத்துட்டு கதவ மூடிட்டு எடுப்பாரு. அவருக்குப் பின்னால இருந்த அந்த சீட்டுல நாங்க யாரும் உக்காரல. இப்படியே ஆடி வரைக்கும் ஓடிச்சு.

ஆடி மாசம் ஒரு சாயங்காலம் எல்லாரும் ஏறி உக்காந்தாச்சு. வேலாயுதம் சாவிய போட்டவரு, கேட் லைட்ட பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் அசையாம இருந்தாரு. அப்புறம் சாவிய உருவிக்கிட்டு எழுந்து எங்க பக்கம் திரும்பினாரு. மூஞ்சி செத்துப் போய் இருந்துச்சு.

"வளையம் தெரியுது. லேசா தான். ஆனா தெரியுது. நான் ஓட்டல"ன்னாரு.

கேட்ல ஷபீ பாய் பாத்துக்கிட்டு நின்னாரு. வேலாயுதம் அவரு கண்ணு முன்னாலயே ஆபிஸுக்குப் போய் சாவிய குடுத்துட்டு வந்தாரு. தன்சீல் வர்ற வரைக்கும் நாங்க எல்லாரும் உள்ளயே உக்காந்திருந்தோம். யாரும் முணுமுணுக்கல.

மறுநாள் காலைல தன்சீல் தான் பஸ்ஸு. வேலாயுதம் வேலூர் போறதுக்கு முன்னால ஆபிசர் கையெழுத்துக்காக கம்பெனிக்கு வரணும், அதனால ஏறினாரு. பொம்பளைங்களா நெறஞ்ச பஸ்ல ஆம்பளைக்கு எந்த சீட்டுல எடம்? தேவகி பக்கத்துக்கும் போகாம, கதவுகிட்ட கம்பியப் பிடிச்சுக்கிட்டு, எல்லாருக்கும் முதுகு காட்டி நின்னாரு. ஜஹீருன்னிசா ஸ்டாப்பு வந்துச்சு. தன்சீலுக்கு தெரியாதே, நிறுத்தாம போகப் பாத்தாரு. வேலாயுதம் தான், "நிறுத்துப்பா"ன்னாரு.

கதவு தொறந்துச்சு. ஜஹீருன்னிசா டிரைவர் சீட்ட பாத்தாங்க, வேலாயுதத்த பாத்தாங்க. சேதி அவங்களுக்கு ராத்திரியே போய் சேந்திருக்கணும்.

"நீயே சொன்னியாமே"ன்னாங்க.

"சொல்லிட்டேம்மா"ன்னாரு. தல நிமிரல.

அவங்க ஏறினாங்க. டிரைவருக்குப் பின்னால அந்த காலி சீட்டுல போய் உக்காந்தாங்க. அப்புறம் எட்டி, பானட்டு மேல இருந்த எங்க பையெல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து தன் மடில வச்சுக்கிட்டாங்க. பானட்டு காலியாச்சு.

"எம்மா நேரம் நிப்ப? உக்காரு ண்ணா"ன்னாங்க.